ஐம்பத்தெட்டாவது பெயர்

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த காவல் நிலையத்தின் இப்போதைய ரைட்டர். எனக்குப் பிறகு வந்தவருக்கும் பிறகு வந்தவர். நேரில் ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்திலிருந்து பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட இரைச்சலிலேயே தெரிந்துவிட்டது. ஆர்ப்பாட்டம் செய்ய வந்தவர்களைப் பிடித்து மண்டபத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். ஒருத்தர் பேரை மட்டும் விட்டுருங்கன்னு அவுக வீட்டம்மா வந்து கெஞ்சுது. வேலைக்கு ஆர்டர் வர்ற நேரமாம். விடலாமா? நீங்க எத்தனையோ பாத்திருப்பீக.”

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். கூப்பிடவில்லை. ஆறு மணிக்குள் பட்டியல் முடிந்துவிடும், அதற்குமேல் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தேதான் கூப்பிடாமல் இருந்தேன். அவர் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்னால் ஆகாது. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்த முறை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

கமுதிக்குத் தெற்கே மிளகாய் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மழை பொய்த்த வருஷங்கள் அதிகம் என்பதால் வீட்டில் ஒருவனாவது சம்பளக்காரனாக இருக்கட்டும் என்று அய்யா என்னைப் போலீஸ் ஆள் எடுப்புக்கு அனுப்பினார். பயிற்சியில் ஓடவும் சல்யூட் அடிக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு கடலோரத்து நிலையம் ஒன்றில் போட்டார்கள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதைப் பார்த்த அன்றைய இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த லத்தியை வாங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு ரைட்டர் மேசைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு பணிக்காலம் முழுவதும் நான் யாரையும் அடித்ததில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

நிலையத்தில் ரைட்டர் என்றால் எழுதுகிறவன் மட்டுமல்ல. புகார் மனு, ஜாமீன், சம்மன், வேலைக்குப் போகிறவர்களின் நன்னடத்தை விசாரணை என்று எல்லாத் தாளும் அவன் கை வழியாகத்தான் போகும். அவற்றில் நான் அதிகமாகத் தொட்ட தாள் ஒன்று உண்டு. போலீஸ் சட்டத்தின் முப்பதாவது பிரிவில் வரும் உத்தரவு அது. பதினைந்து நாளுக்குக் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் எதுவானாலும் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லும். பதினைந்தாம் நாள் முடிந்தால் பதினாறாம் நாளிலிருந்து அடுத்த உத்தரவு வந்துவிடும். ‘சட்டம் ஒழுங்கைக் கருத்தில் கொண்டு’ என்ற வரி மாறாது, தேதி மட்டும் மாறும். அறிவிப்புப் பலகையில் பழைய தாளை எடுத்துவிட்டு அதே ஊசியில் புதிய தாளைக் குத்துவேன். உப்புக் காற்றில் ஊசி துருப்பிடித்து உடைந்துபோகுமே தவிர உத்தரவு நின்றதில்லை. இப்போது தடையுத்தரவுப் பிரிவு நூற்று நாற்பத்து நாலு என்பது புதிய சட்டத்தில் நூற்று அறுபத்து மூன்று ஆகிவிட்டது, எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது என்று இளைய ஆட்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஊசி குத்தியவனுக்கு எண் மாறினால் என்ன.

ஒரு கூட்டத்தை நடக்கவிடாமல் செய்ய எத்தனை வழி உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது ஓர் இன்ஸ்பெக்டரிடம். அவர் பெயர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் அய்யா என்றே சொல்கிறேன். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எந்நேரமும் சூடாக வெந்நீர்தான் குடிப்பார். மண்டபத்துக்கு வரும் சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்துவிட்டுத்தான் பரிமாறச் சொல்வார். “கைதுன்னு சொல்லாதீங்க. வண்டியில ஏறுங்கம்மான்னு சொல்லுங்க. நம்மளப் பாத்து யாரும் பயப்படக் கூடாது” என்பார். அவரைக் கண்டு யாரும் பயந்ததில்லை. நான் மட்டும் பயந்தேன்.

அனுமதி மனு வந்ததும் மறுப்பு உத்தரவை அன்றைக்கே டைப் அடித்து வைக்கச் சொல்வார். ஆனால் கையெழுத்துப் போடமாட்டார். மனுக்காரர் தினமும் வந்து கேட்பார். ‘அய்யா பார்வையில் இருக்கிறது’ என்று நான் சொல்ல வேண்டும். ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பேனா மூடியைத் திறப்பார்.

“முன்னாடியே குடுத்தா மதுரைக்குப் போயி ஹைகோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வந்துருவாங்க, ரைட்டர். கோர்ட்டு மூடுன பெறகு குடுங்க.”

மனுவே கொடுக்காமல் கூடுகிறவர்களுக்கு வேறு வழி. ஒருமுறை சில இளைஞர்கள் ஊரில் ஒரு படிப்பகம் வைத்து, அதன் ஆண்டுக் கூட்டத்தைச் சொந்த வீட்டு வளவுக்குள் நடத்தப் பார்த்தார்கள். அய்யா அவர்களைக் கூப்பிடவேயில்லை. நாற்காலி வாடகைக் கடைக்காரரைக் கூப்பிட்டு வெந்நீர் கொடுத்து, எத்தனை நாற்காலி கேட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார். அவ்வளவுதான். கடைக்காரருக்குத் திடீரென்று எல்லா நாற்காலியும் வேறு விசேஷத்துக்குப் போய்விட்டது. மைக் செட்காரருக்கு ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது. இளைஞர்கள் தரையில் உட்கார்ந்து பேசினார்கள். தரையில் உட்கார்ந்தால் அது கூட்டமா, கும்பலா என்று நாங்கள் நிலையத்தில் அரை மணி நேரம் வாதம் செய்தோம். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

கலைச்செல்வி முதன்முதலில் வந்ததும் அந்த அய்யாவின் காலத்தில்தான். அவள் ஊர் தாழைவலசை என்ற கடலோரக் குடியிருப்பு. ஆண்கள் மீனுக்குப் போவார்கள், பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். வல்லத்தில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து கடற்பாசியைப் பிய்த்து வரும் வேலை. விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள், அப்படியும் கிழியும். தீவுப் பக்கம் வரக்கூடாது என்று வனத்துறையினர் வல்லங்களைத் திருப்பிவிடுவது அதிகமானபோது, பாசிப் பெண்கள் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சவரியம்மா என்ற நடுத்தர வயது அம்மாள் தலைவி. கலைச்செல்வி செயலாளர். அவளுக்கு இருபத்து நாலு வயதிருக்கும். அவள் அம்மா பாக்கியம் பாசிக்குப் போகிறவர். அந்தச் சங்கத்தில் பட்டப் படிப்பு படித்தவள் அவள் ஒருத்திதான். மனு, மினிட் புத்தகம், கடிதம் எல்லாம் அவள் எழுத்து.

அவள் கொண்டுவந்த அனுமதி மனு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இடம், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி இல்லை, கோரிக்கை இரண்டு. பாசிக்குப் போகும் வல்லத்தைத் தடுக்கக் கூடாது, பாசிப் பெண்களுக்கும் மீனவர் அடையாள அட்டை வேண்டும். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிடும்.

“நீ எழுதுனதாம்மா?”

“ஆமா சார். எதும் விட்டுப்போயிருச்சா?”

“ஒண்ணும் விடல. பரீட்சை எதும் எழுதியிருக்கியா?”

“குரூப் ஃபோர் எழுதி பாஸாயிட்டேன் சார். சர்டிபிகேட் பாத்துட்டாக. போலீஸ் விசாரணை மட்டுந்தான் பாக்கி. அந்தத் தாளு உங்ககிட்டத்தான வரும்?”

வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அய்யா பார்வையில் இருக்கிறது என்றேன். டைப் அடித்த மறுப்பு உத்தரவு என் மேசை இழுப்பறையில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் எழுதினாள். ஐந்து ஐம்பது.

“நாளைக்கு வாரோம் சார். கோஷம் போட மாட்டோம். சும்மா நிப்போம். பொம்பளைக இருபது கிலோமீட்டர் தாண்டி வந்து சும்மா நிக்கிறத யாரு தடுக்கிறாகன்னு பாப்போம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்குப் பேருந்து நிலையத்தின் எதிரே வந்து நின்றார்கள். பதினைந்து நிமிஷத்தில் இரண்டு வேனில் ஏற்றினோம். ஏறும்போதே பெண் காவலர் எண்ணினார், ஐம்பத்தெட்டு. கண்ட்ரோல் ரூமுக்கு மைக்கில் சொன்னோம். அங்கிருந்து மேலிடத்துக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அது போயிருக்கும். மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் பிளாஸ்டிக் பூ இன்னும் மேடையில் தொங்கியது. மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். பெண்கள் விசிறிக்குக் கீழே வட்டம் வட்டமாக உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் இது வழக்கமான ஒன்று, எல்லாருக்கும் பழகிப்போனது. பிடிப்போம், மண்டபத்தில் வைப்போம், மத்தியானம் சாப்பாடு போடுவோம், ஆறு மணிக்கு விட்டுவிடுவோம். பெயர் எழுதுவோம், ஆனால் பெரும்பாலும் அந்தத் தாள் தூங்கிவிடும்.

அன்றைக்குத் தூங்கப்போவதில்லை என்று இரண்டு மணிக்குத் தெரிந்தது. அய்யாவுக்கு மேலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என்னை மேடைக்குப் பக்கத்திலிருந்த மணமகள் அறைக்குள் கூப்பிட்டார்.

“வழக்குப் போடச் சொல்லிட்டாங்க. அனுமதியில்லாமக் கூடுனது, வழிய மறிச்சது. எல்லாரும் குற்றவாளிங்க. லிஸ்ட்ட சுத்தமா எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க. வாங்கும்போது வழக்குன்னு சொல்ல வேணாம். வீட்டுக்குப் போறதுக்குன்னு சொல்லுங்க. சாம்பார் வந்துருச்சா?”

நான் வெளியே வந்தபோது பாக்கியம் கை கழுவும் குழாயடியில் காத்திருந்தார். போலீஸ்காரன் முகத்தைப் பார்த்தே சேதி தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அவர் அப்படிப்பட்டவர்.

“கேஸு போடுறீகளா சார்?”

கையிலிருந்த நோட்டை மூடிக்கொண்டேன்.

“எம் பேர எழுதுங்க. எத்தனை தடவை வேணுமுன்னாலும் எழுதுங்க. அவ பேரு மட்டும் வேணாம் சார். அவுக அப்பன் கடல்ல போனதுலருந்து மூச்சப் பிடிச்சு மூச்சப் பிடிச்சு அவளப் படிக்க வச்சேன். நீங்க ஒரு கோடு போட்டா எல்லாம் போச்சு.”

அவர் சொன்னது உண்மை. அவளுடைய நன்னடத்தை விசாரணைத் தாள் இரண்டொரு வாரத்தில் என் மேசைக்கு வரும். ‘வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா’ என்ற கேள்விக்கு நான்தான் பதில் எழுத வேண்டும். உள்ளது என்று என் கையாலேயே எழுத வேண்டும். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அய்யாவிடம் போனேன்.

“அய்யா, அந்தச் செயலாளர் பொண்ணு வேலைக்கு...”

அவர் என்னை முழுதும் பேசவிடவில்லை. “ரைட்டர், அம்பத்தெட்டுன்னு சொல்லியாச்சு. அம்பத்தெட்டு இருந்தா எனக்குப் போதும்” என்றார்.

அது சம்மதமா, எச்சரிக்கையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் குறித்து வைத்த நீளநோட்டிலிருந்து சுத்தப் பட்டியலுக்குப் பெயர்களை எடுத்து எழுதினேன். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, ஊர். கலைச்செல்வியை விட்டதில் ஐம்பத்தேழுதான் வந்தது. அப்போது வாசல் பக்கம் காளியம்மா என்ற ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். வேனில் வந்தவர் அல்ல. சங்கத்திலும் இல்லை. தங்கைக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போக டவுன் பஸ் ஏறி வந்தவர், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லித் தங்கைதான் உட்கார வைத்திருந்தார். நான் நோட்டோடு அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“ஆத்தா, உங்க பேரு என்ன?”

“காளியம்மா. சாப்பாட்டுக்கா சார்?”

“ஆமா.”

அந்த ஒரு சொல்லை நான் எத்தனை முறை திரும்ப நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். பல வருஷம் பாசி பிய்த்த விரல், ரேகையே விழவில்லை. இரண்டாம் முறை அழுத்திப் பதித்தேன். ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.

கையெழுத்துக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடைசியில் கலைச்செல்வி எழுந்து வந்தாள்.

“எம் பேரு வரலயே சார்.”

“உன்கிட்ட முதல்லயே வாங்கியாச்சும்மா.”

“நான் போடலயே.”

“நேத்து உத்தரவுல போட்டியே, அது போதும்” என்றேன். படித்த பெண், நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் ஆறு மணி ஆகி, கதவைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் கூட்டமாக எழுந்து செருப்பைத் தேடியதில் அவளும் போய்விட்டாள். அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பயமும் இருந்தது. ஆனாலும் நல்ல காரியம் என்ற எண்ணம் ஒரு படி மேலே இருந்தது.

விசாரணைத் தாள் வந்தது. வழக்கு ஏதும் இல்லை என்று எழுதினேன். தாளைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

ஆறு ஏழு மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. தாழைவலசைக்குப் போய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்த காவலர், “அந்தச் செயலாளர் பொண்ணு மட்டும் தனக்கு எங்கன்னு கேட்டுச்சு” என்று சொன்னார். மறுநாளே அவள் வந்தாள். நிலையத்தில் நாலு பேர் இருந்ததால் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.

“எம் பேரு ஏன் சார் இல்ல?”

“உன் அம்மா வந்து அழுதாக. உன் நல்லதுக்குத்தான்.”

“அம்மா கேட்டுச்சு. நான் கேட்டனா?” என்றாள். பிறகு, “மாத்திரை குடுக்க வந்த காளியம்மாவுக்குக் கேஸு. சங்கத்தையே கூட்டிட்டு வந்த எனக்குக் கேஸு இல்ல. ஊர்ல என்ன பேசுவாக? முன்கூட்டியே போலீஸுக்குச் சொன்னது யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுங்கிறாக. தினமும் ஸ்டேஷனுக்குப் போயி வந்தது அனுமதிக்கு இல்லையாம். எம் பேரச் சேத்துருங்க சார்.”

“சேக்க முடியாதும்மா. கோர்ட்டுக்குப் போயிருச்சு.”

“அப்ப நான் அங்கன இருந்தேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தால் பட்டியல் பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். இருந்தவளை விட்டேன், இல்லாதவளைச் சேர்த்தேன். பொய் ஆவணம் தயாரித்த வழக்கு என் மேலேயே வரும். வேலை போகும், பென்ஷன் போகும். எனக்கு அப்போது இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. முடியாது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், அவளைப் பார்க்காமல் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் கெஞ்சவில்லை. கிளம்பிப் போய்விட்டாள்.

அதற்கு மறுமாதம் அவளுக்கு அரசு வேலை உத்தரவு வந்தது. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. காட்டிக்கொடுத்ததற்குக் கூலி என்று பேசிக்கொண்டார்கள். அவள் உள்ளே நுழைந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மினிட் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். வேறு எழுதத் தெரிந்தவர் இல்லாததால் அந்தப் புத்தகம் சவரியம்மா வீட்டுப் பரணில் கிடந்தது. ஐம்பத்தெட்டுப் பேரும் வாய்தா நாளில் கடலுக்குப் போகாமல் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினார்கள். காளியம்மாவும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நீதிமன்ற வராந்தாவில் நான் அவர் கண்ணில் படாமல் தூணுக்கு மறுபக்கம் நிற்பேன். பெயர் கூப்பிடும்போது அவர் “இருக்கேன் சாமி” என்பார்.

இன்ஸ்பெக்டர் அய்யா மாற்றலாகிப் போகும் வாரத்தில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா ரைட்டர், அந்தப் பாசிக்காரப் பொம்பளைங்ககிட்டயிருந்து அதுக்கப்புறம் ஒரு மனுகூட வரல. வழக்குப் போட்டது நல்லதாப் போச்சு.”

வழக்கால் அல்ல என்று எனக்குத் தெரியும். வேனில் ஏறிய ஐம்பத்தெட்டுப் பேருக்குமே வழக்கு வந்திருந்தால் அவர்கள் சேர்ந்தே வாய்தாவுக்குப் போய், சேர்ந்தே அடுத்த மனுவும் கொடுத்திருப்பார்கள். அந்தச் சங்கத்தை உடைத்தது நான் விட்ட பெயர். அய்யாவின் இழுப்பறைத் தந்திரம், நாற்காலிக் கடை, கோர்ட் மூடும் நேரம் எதுவும் செய்ய முடியாததை இரக்கப்பட்டு நான் செய்திருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. “ஆமாங்கய்யா” என்றேன்.

நான் ஓய்வு பெற்ற வருஷத்தில் அந்த வழக்கு, அதைப் போன்ற வேறு பல வழக்குகளோடு சேர்த்துத் திரும்பப் பெறப்பட்டது. ஐம்பத்தெட்டுப் பேரும் விடுபட்டார்கள். என் பென்ஷன் உத்தரவும் வந்து, முதல் மாதப் பணமும் ஏறியது. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று உறுதியான பிறகுதான் எனக்கு மனச்சாட்சி பேச ஆரம்பித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு தாழைவலசைக்குப் போனேன்.

கரையில் பாசியைக் காயப்போட்டுக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சீருடை இல்லாவிட்டாலும் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் கடைக்குப் போய்க் கலர் வாங்கி வந்தார். சவரியம்மா இருந்தார், காளியம்மா இருந்தார், பாக்கியம் சற்றுத் தள்ளி வலை நிழலில் உட்கார்ந்திருந்தார். கலைச்செல்வி வெளியூரில் வேலையில் இருக்கிறாள், பொங்கலுக்கு மட்டும் வந்து போகிறாள் என்றார்கள்.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. பெயரை எடுத்தது நான், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அவள் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி என்னிடம் வந்து சண்டை போட்டாள், சாப்பாட்டுக்கு என்று பொய் சொல்லிக் காளியம்மாவின் விரலைப் பதித்தது நான். காளியம்மாவின் பக்கம் திரும்பி, “என்னை மன்னிச்சுக்கங்க ஆத்தா” என்றேன்.

“அதான் முடிஞ்சுபோச்சுல்ல. கலரக் குடிங்க” என்றார் காளியம்மா. பாசியைப் பொறுக்குவதை அவர் நிறுத்தவில்லை.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னதை அவர்கள் கேட்டார்கள் என்பது தெரிந்தது. என்ன எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியவில்லை. கடைசியில் சவரியம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“போன வாரந்தான் சார் சங்கத்தத் திரும்ப எடுக்கணும்னு பேசுனோம். கேஸும் போயிருச்சு, கலைச்செல்வியக் கூப்பிட்டு எழுதச் சொல்வோம், சின்னப் புள்ள, பழசெல்லாம் எதுக்குன்னு நாந்தான் சொன்னேன். பாதிப்பேரு சரின்னுட்டாக.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப நீங்க வந்திருக்கீக. இத்தனை வருசங்கழிச்சு, ரிட்டயராயி, பெட்ரோல் போட்டு, அவளுக்காகப் பேச வந்திருக்கீக. எங்களுக்காக எந்தப் போலீசும் வீடு தேடி வந்ததில்லையே சார்.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னார். கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் சத்தியம் செய்யலாமா என்று பார்த்தேன். செய்தால் இன்னும் மோசமாகும் என்று எனக்கே புரிந்தது. கலரைக் குடித்து முடித்துப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன்.

பின்னால் மணலில் யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. பாக்கியம். மண்டபத்துக் குழாயடியில் நின்றபோது இருந்ததைவிட ரொம்பவும் இளைத்திருந்தார். நான் வண்டியைக் கிளப்பாமல் நின்றேன்.

“சார்,” என்றார், மெதுவாக, கரையில் இருப்பவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே. “அன்னைக்கு ஒரு உதவி கேட்டேன், செஞ்சீக. இன்னைக்கும் ஒண்ணு கேக்குறேன். எங்கிட்ட நின்னு பேசாதீக. போயிருங்க.”

பேசாமல் வண்டியைக் கிளப்பினேன். பாக்கியம் கரைக்குப் போகவில்லை, தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.